முதலில் பின்குதியைப் பார்

அன்பு மகளுக்கு,

பொங்கல் கழிய நீ கொழும்பிலிருந்து வந்து திருகோணமலை உவர்மலையில் வெள்ளை பெல்ட் பிள்ளைகளின் கராத்தே வகுப்பைப் பொறுப்பெடுப்பது எனக்குப் பெரிய சந்தோசம். உன் கட்டாவில், அந்த அசைவு வரிசைகளில், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் விடுகிற பிழையை உன் கண் பிடிக்க வேண்டும். அந்தக் கண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகப் பழக்குகிறவர்களின் பார்வை கையில்தான் நிற்கும். குத்து நேராகப் போனதா, சத்தம் வந்ததா என்று பார்ப்பார்கள். நீ வரிசைக்குப் பின்னால் போய் நின்று பின்காலின் குதியைப் பார். ஒய் சுகி (அடி எடுத்து வைத்துக் குத்துவது) அடிக்கும்போது குதி கிளம்பினால் அந்தக் குத்தில் பலம் இல்லை. நிலத்திலிருந்து வர வேண்டியது அங்கேயே அறுந்துவிடுகிறது. "குதியை வை" என்று கத்தினால் ஒரு எண்ணிக்கைக்கு வைப்பார்கள், அடுத்ததில் திரும்பக் கிளம்பும். காரணம் அநேகமாக நிலை நீண்டு போனதுதான். பெரிய அண்ணன்மாரைப் பார்த்துக் காலை அகட்டி வைக்கிறார்கள், கணுக்கால் அவ்வளவுக்கு மடியாது.

ஸென்குட்சு தாச்சிக்கு (முன்முழங்காலை மடித்து நிற்கும் நிலைக்கு) அளவு காட்ட ஒரு வழி: முன்காலை வைத்து, பின்முழங்காலை முன்குதிக்குப் பக்கத்தில் நிலத்தில் ஊன்றச் சொல். இரண்டுக்கும் நடுவே ஒரு கைமுட்டி இடைவெளி இருக்கட்டும். பாதங்களை அசைக்காமல் அப்படியே எழும்பிப் பின்காலை நீட்டினால் அந்தப் பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற நீளம் வந்துவிடும். அந்த இடத்தை வெண்கட்டியால் கீறிவிடு. பாரம் முன்காலில் 60 வீதம், பின்காலில் 40. பின்பாதம் 30 பாகை அளவில் வெளியே பார்க்கலாம். பக்கவாட்டுக்குத் திரும்பினால் இடுப்பு முன்னுக்கு வராது. முன்முழங்கால் உள்ளே சரிகிற பிள்ளையைக் கட்டாயம் நிறுத்து. இன்றைக்கு அது வெறும் வடிவப் பிழை, நாளைக்கு முழங்காலின் உட்பக்கம் நோகத் தொடங்கும். முழங்கால் பெருவிரல் பக்கம் விழாமல் பாதத்தின் நடுவுக்கு நேரே நிற்க வேண்டும்.

கைமுட்டி பிடிப்பதைச் சரிபார்க்க ஒரு அடிமட்டம் போதும். விரல்களை நுனியிலிருந்து சுருட்டி, பெருவிரலை வெளியே, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் மேலாக மடக்க வேண்டும். உள்ளே வைத்துப் பிடித்தால் அடி படும்போது பெருவிரல் முறியும். புறங்கையிலும் முன்கையிலும் அடிமட்டத்தைப் படுக்க வைத்துப் பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மணிக்கட்டு மடிந்திருக்கிறது. காற்றில் குத்தும்போது முழங்கையை முழுக்க உதறி நீட்ட விடாதே.

மாயே கெரிக்கு (முன்னுதைக்கு) பிள்ளைக்கு முன்னால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூலை வை. முழங்கால் முதலில் எழும்பாமல் காலை வீசினால் ஸ்டூல் விழும், நீ வாய் திறக்கத் தேவையில்லை. கால்விரல்களைப் பின்னுக்கு மடக்கப் பழகும்வரை பேட்டில் உதைக்க விடாதே.

ஹெய்யான் ஷொடான் என்கிற முதல் கட்டாவுக்கு அவசரப்படாதே. ஒக்கினாவாவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆசான் இத்தோசு அங்கோ அமைத்த பினான் கட்டா வரிசையைத்தான் நம் ஷொடோகான் பாணியின் ஃபுனாகோஷி ஹெய்யான் என்று மாற்றினார். மாற்றும்போது முதலாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிவிட்டார். ஷிட்டோ ரியூ என்கிற வேறு பாணி படித்த பிள்ளை வந்து இதைப் பினான் நிடான், அதாவது இரண்டாவது, என்று சொன்னால் பிழை என்று சொல்லிவிடாதே, அது சரி.

ஹெய்யான் ஷொடானில் 21 அசைவு, 9ஆவதிலும் 17ஆவதிலும் கியாய் சத்தம். பிள்ளைகள் தடுமாறுவது 10ஆவதில். மூன்றாவது அகே உகே (மேல்தடுப்பு) முடிந்து இடப்பக்கமாக 270 பாகை சுற்றும்போது இடதுகாலைப் போதிய தூரம் கொண்டுபோக மாட்டார்கள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழும், கயிற்றில் நடக்கிற மாதிரி உடம்பு ஆடும். முதலில் தலையைத் திருப்பு, பிறகு கால், பிறகு கை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடு. 18ஆவதிலும் அதே சுற்றல்தான் வரும். தொடங்கிய இடத்தில் வெண்கட்டியால் ஒரு புள்ளி வை. முடிவில் புள்ளிக்கு ஓரடி முன்னால் நின்றால், போகும்போது வைத்த மூன்று அடியைவிடத் திரும்பி வந்த மூன்று அடி குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். களைத்த பிள்ளைகளுக்கு இது வரும்.

சோடியாக விடும்போது முதல் மாதம் நெஞ்சுக்கு மட்டும், முகம் வேண்டாம். இதில் ஒரு விசயம்: நல்ல மனதுள்ள பிள்ளைகள் சிநேகிதருக்குப் பட்டுவிடும் என்று பக்கத்தில் குத்துவார்கள். அப்போது எதிரே நிற்கிற பிள்ளை வராத குத்தைத் தடுக்கப் பழகும். மெதுவாகக் குத்தட்டும், ஆனால் நடு நெஞ்சுக்கே வரட்டும். தடுக்காவிட்டால் உடுப்பில் தொட்டு நிற்க வேண்டும்.

தொடங்க முன் நகம், தோடு, காப்பு, கையில் கட்டின நூல் எல்லாம் பார். வாடைக் காலத்தில் மண்டபத்துச் சீமெந்து நிலம் ஈரம் கசியும், வியர்வையும் சேர்ந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். பழைய துவாய் இரண்டு வாசலில் வைத்திரு. கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க விடு, கேட்கும்வரை காத்திராதே. ஐந்தரைக்கு முடித்துவிடு, முஸ்லிம் பிள்ளைகள் மஹ்ரிப் தொழுகைக்கு வீட்டில் நிற்க வேண்டும். நோன்பு காலத்தில் அவர்களுக்குக் கட்டா மட்டும், மெதுவாக. கட்டளைகளை ஜப்பானியத்திலேயே சொல். தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் "யமே" (நிறுத்து) ஒன்றுதான், யாருக்கும் மொழிபெயர்க்க நின்று நேரம் போகாது.

ஞாயிறு காலையில் டச்பே கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்பார்கள். போகலாம், நேரே முன்னுக்குப் போகிற அடிகளும் ஓட்டமும் மட்டும். கட்டா வேண்டாம். மணல் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு சுற்றும், நடுவில் முழங்கால்தான் முறுகும். முதலில் நீ ஒருதரம் நடந்து கண்ணாடித்துண்டு, சிப்பி கிடக்கிறதா என்று பார்.

வரும்போது பிள்ளைகளின் அளவில் கைமிட்ஸ் ஆறு சோடியும் உதைக்கிற பேட் இரண்டும் வாங்கிக்கொண்டு வா. மிட்ஸைப் போட்டுப் பார்த்து வாங்கு, பெருவிரல் வெளியே நிற்கிற மாதிரித் தைத்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா