கற்பனைக் குழு சரி, வாசித்தவர்கள் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வரைந்த பாத்திரங்களையே குழுவினராகக் காட்டும் இங்கிலாந்துக் குழுவான கொரில்லாஸின் ‘டீமன் டேஸ்’ ஆல்பத்தைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், முதலில் அதற்கு நன்றி. 2005 மே மாதம் வந்தது, இங்கிலாந்தில் முதல் இடம், அமெரிக்காவில் ஆறாவது இடம் என்று எழுதியிருந்த விவரமெல்லாம் சரிதான். ஆனால் படித்து முடித்தபோது மனசு ஆறவில்லை. டூ-டி, மர்டாக், நூடுல், ரஸல் என்று வரைந்த நாலு பேரின் பெயர், குணம், யாருக்கும் யாருக்கும் சண்டை என்பது வரை எல்லாம் இருக்கிறது. நிஜமாக மைக் முன்னால் நின்றவர்களில் குழுவின் நிஜப் பாடகர் டேமன் ஆல்பர்ன் ஒருவரைத் தவிர யாருமே இல்லை. ‘டேர்’ பாட்டை “நூடுல் பாடிய பாட்டு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

நூடுல் ஒரு ஓவியம் சார். குழுவின் ஓவியர் ஜேமி ஹியூலெட் வரைந்த பெண். அந்தப் பாட்டில் நம் காதில் விழுகிற பெண் குரல் ரோஸி வில்சனுடையது. கூடப் பாடுகிற ஆண் குரல் ‘ஹாப்பி மண்டேஸ்’ குழுவின் பாடகர் ஷான் ரைடருடையது, அதற்குப் பின்னால் அருமையான கதை ஒன்று இருக்கிறது. ஹெட்போனில் சத்தம் போதவில்லை, கொஞ்சம் ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றாராம். சத்தம் ஏற ஏற, “ஏறுது, ஏறுது, ஆங் வந்துடுச்சு” என்கிற மாதிரி அவர் சொன்னதெல்லாம் பாட்டிலேயே தங்கிவிட்டது என்று ரைடரே பிறகு சொல்லியிருக்கிறார். கோடம்பாக்கத்திலோ வடபழனியிலோ ஒரு தடவையாவது ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கையைத் தூக்கித் தூக்கிச் சைகை காட்டியவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும். இங்கிலாந்தில் கொரில்லாஸுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட பாட்டு, அதுதான். கட்டுரையில் அந்த இரண்டு பேரும் இல்லை.

அதே ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குப் பியானோ வாசித்தவர் ஐக் டர்னர். இன்னொன்றில் கதை சொல்கிற குரல் நடிகர் டென்னிஸ் ஹாப்பருடையது. தயாரித்தவர் டேஞ்சர் மவுஸ். சிறுவர்கள் சேர்ந்து பாடிய பகுதிகளும் இருக்கின்றன. பதிவு நடந்த இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘காங் ஸ்டூடியோஸ்’ அந்தக் குழுவின் கதையில் வருகிற கட்டடம். நிஜ வேலை பெரும்பாலும் நடந்தது லண்டனில் ஆல்பர்னின் ‘ஸ்டூடியோ 13’-இல். கதைக்குள் இருப்பதைக் கதையாகச் சொல்லுங்கள், நானும் ரசித்துத்தான் படிப்பேன். பக்கத்திலேயே நடந்ததையும் சொல்லிவிட்டால் போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். சுமார் இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு டி.வி. தொடருக்காகக் கல்லூரி மாணவர்களின் ராக் பேண்டு ஒன்றைக் கற்பனையாக உருவாக்கினார்கள். அந்தப் பேண்டுக்கு ஆறு பாட்டு வேண்டும், கேசட்டாகவும் வெளியிடப்போகிறோம் என்றார்கள். வடபழனியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் மூன்று நாள், நாங்கள் ஐந்து பேர். ஏ.சி. சத்தம் மைக்கில் விழுகிறது என்று டேக் போகும்போதெல்லாம் அதை அணைத்துவிடுவார்கள், வேர்வையில் கம்பி வழுக்கும், ஒரு பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து வெளியே ஓடுவோம். இரண்டாவது நாள் ராத்திரி லீட் கிட்டார் வாசித்த நண்பன் ஒரு சோலோவை பதினேழு தடவை வாசித்தான். பதினாறாவதே நன்றாக வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. பதினேழாவது டேக்தான் கேசட்டில் இருக்கிறது, அவன் சொன்னதுதான் சரி.

கேசட் வந்தது. அட்டையில் நடிகர்கள் நாலு பேர் கிட்டாரோடு நிற்கிறார்கள். உள்ளே இசையமைப்பாளர் பெயர், பாடலாசிரியர் பெயர், தொடரின் பெயர். எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. பணம் பேசியபடி வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். பேஸ் வாசிப்பவராக நடித்த பையன் மீதும் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. அவன் ஒரு முழு நாள் ஸ்டூடியோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டான், “அண்ணா, டி.வி.யில பார்க்கிறவங்களுக்குத் தப்பா தெரியக்கூடாது இல்ல” என்றான். ஆறு மாதம் கழித்து கிண்டி பக்கம் ஒரு கல்லூரி விழாவில் பையன்கள் அந்தப் பாட்டில் ஒன்றை வாசித்தார்கள், நான் போட்ட அதே பேஸ் வரியை, அதே சறுக்கலோடு. மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டாய் தம்பி என்று. அந்த நடிகரின் பெயரைச் சொன்னான். அவன்மேல் என்ன தப்பு, அட்டையில் இருந்ததைத்தானே அவன் படித்தான்? நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன், சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூர்க்காரர், ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியர். ரெக்கார்டைப் போட்டுவிட்டு, “பாட்டு யாருதுன்னு கேக்கல மேன், பேஸ் யாரு?” என்பார். மங்கீஸ் குழுவின் கதையை முதலில் சொன்னவர் அவர்தான். 1966-இல் அமெரிக்க டி.வி. தொடருக்காக ஆள் எடுத்து உருவாக்கிய பேண்டு அது. முதல் இரண்டு ஆல்பங்களும் சேர்ந்து 31 வாரம் தொடர்ந்து அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதல் இடம். பாடியது அவர்கள், ஆனால் வாசித்தது பெரும்பாலும் ஹால் பிளெய்ன், கிளென் கேம்ப்பெல் மாதிரி ஸ்டூடியோ கலைஞர்கள். இரண்டாவது ஆல்பம் வெளிவந்ததே அந்த நாலு பேருக்குத் தெரியாது. அவர்கள் கோபப்பட்டு, இனிமேல் நாங்களே வாசிப்போம் என்று சண்டை போட்டு, பாட்டுப் பொறுப்பில் இருந்த டான் கிர்ஷ்னர் வெளியே போகும்படி ஆகி, 1967 மே மாதம் ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ வந்தது. டிரம்ஸே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தவர் டிரம்ஸ் வாசித்த ஆல்பம். அதுவும் முதல் இடத்துக்குப் போனது, ஒரே வாரம், அடுத்த வாரம் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்துவிட்டது. நான் அதைக் கேட்டிருக்கிறேன், அங்கங்கே தாளம் தள்ளாடும், எனக்கு அந்தத் தள்ளாட்டம் பிடிக்கும்.

கிர்ஷ்னர் அடுத்து எடுத்த பேண்டு கார்ட்டூன். ஆர்ச்சீஸ். நாங்களே வாசிக்கிறோம் என்று கார்ட்டூன் கேட்காது இல்லையா. 1969-இல் ‘சுகர், சுகர்’ அமெரிக்காவில் நாலு வாரம், இங்கிலாந்தில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆர்ச்சியாகப் பாடியவர் ரான் டான்டே, கூட டோனி வைன். அதே வருஷம் ‘கஃப் லிங்க்ஸ்’ என்று இன்னொரு இல்லாத குழு, அதிலும் குரல் முழுக்க ரான் டான்டேதான், அந்தக் குழுவின் ஒரு பாட்டும் முதல் பத்துக்குள் வந்தது. ஒரே மனிதர் இரண்டு குழுவாக வானொலியில் பாடிக்கொண்டிருந்தார், கேட்டவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள்?

கொரில்லாஸ் விஷயத்தில் ஒன்றைப் பாராட்ட வேண்டும். 2001-இல் முதல் சுற்றுப்பயணத்தில் வாசித்தவர்கள் திரைக்குப் பின்னால் நின்றார்கள், திரையில் கார்ட்டூன் ஓடியது. 2005 நவம்பரில் மான்செஸ்டர் ஆப்பரா ஹவுஸில் ‘டீமன் டேஸ்’ முழுவதையும் வாசித்தபோது பாடகர்கள் முன்னால் வெளிச்சத்தில் வந்தார்கள், பேண்டு பின்னால் கறுப்பு நிழலாகத் தெரிந்தது. 2010 பயணத்தில் எல்லோரும் மேடையில் முகம் தெரிய நின்றார்கள், கிளாஷ் குழுவின் மிக் ஜோன்ஸும் பால் சிமோனனும் உட்பட. திரை, நிழல், அப்புறம் முகம். உங்கள் கட்டுரை 2001-லேயே நின்றுவிட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் கேசட்டுகளின் உள்அட்டையில் புல்லாங்குழல் யார், பேஸ் யார் என்று பொடி எழுத்தில் பெயர் இருக்கும். பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸ் என்ற பெயரை நான் அங்கேதான் முதலில் படித்தேன். அவர் வாசித்ததைத் தேடித் தேடிக் கேட்டு, வீட்டில் உட்கார்ந்து விரல் வலிக்க வாசித்துப் பழகினேன். அட்டையில் அந்த ஒரு பெயர் இல்லாமல் போயிருந்தால் நான் யாரைத் தேடியிருப்பேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் ‘தி வெல்வெட் சன்டவுன்’ என்று ஒரு குழு ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்கிற அளவுக்கு வளர்ந்தது, பிறகு அந்த இசை செயற்கை நுண்ணறிவின் துணையோடு செய்தது என்று அவர்கள் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி அதையும் கொரில்லாஸையும் “மனிதர்களே இல்லாத குழுக்கள்” என்று ஒரே கூடையில் போட்டிருக்கிறது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். ஒன்றில் கிட்டார் பிடித்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. மற்றதில் அத்தனை பேர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள், பெயர்கள் ஆல்பத்தின் உள்ளேயே அச்சாகியிருக்கின்றன. கற்பனைக் குழு என்கிற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கினால், வடபழனியில் பதினேழு டேக் வாசித்த என் நண்பனும் இல்லாதவனாகிவிடுவான்.

இசை விமரிசனம் எழுதும்போது, ஆல்பம் யாருடையதாக இருந்தாலும், கீழே இரண்டு வரி ஒதுக்கி யார் என்ன வாசித்தார்கள் என்று போடுங்கள். பெரிய இடம் பிடிக்காது. போன கட்டுரைக்குத் திருத்தம் போடுவதாக இருந்தால் எல்லாப் பெயருக்கும் இடம் இருக்காது என்று எனக்கும் தெரியும், ‘டேர்’ பாட்டுக்கு எதிரே ரோஸி வில்சன் பெயரையாவது போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பெரம்பூர், சென்னை