படிவம் சரி, பொருள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழில்நுட்பக் காப்புரிமை (பேட்டன்ட்) கண்டுபிடிப்பைக் காக்கிறதா, வாங்குபவரை வதைக்கிறதா என்று சென்ற இதழில் கேட்டிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. இங்கே விண்ணப்பத்தில் புதுமை உண்டா என்று யாரும் சோதித்துப் பார்த்துக் காப்புரிமை தருவதில்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைமுறையில் இருப்பது வெறும் பதிவுமுறை. படிவமும் கட்டணமும் சரியாக இருந்தால் 20 ஆண்டு உரிமை கைக்கு வந்துவிடும்.

2021 ஜூலையில் டபஸ் என்ற செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பத்துக்கு இங்கே காப்புரிமை கிடைத்தது. பொருள், ஓர் உணவுக் கலன். கண்டுபிடித்தவர் மனிதராக இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் அதை மறுத்துவிட்டன. நம் நாடு முற்போக்கானது என்று சிலர் மெச்சிக்கொண்டார்கள். பாவம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஆராயும் கட்டமே இங்கில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சின்னதாகச் சார்ஜரோ கீசர் டைமரோ இறக்குமதி செய்து விற்பவருக்கு ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காப்புரிமை செல்லாது என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். வழக்கு பிரிட்டோரியாவில், காப்புரிமை ஆணையராக அமரும் உயர்நீதிமன்ற நீதிபதி முன். செலவுக்குப் பயந்து சரக்கை எடுத்து வைத்துவிடுவார். போட்டி குறையும், விலை ஏறும்.

பயப்படுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யலாம். காப்புரிமை வைத்திருப்பவர் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் ஆறு மாதத் தவணையும் கடந்திருந்தால் காப்புரிமை காலாவதி. ஆனால் அதை உயிர்ப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், பதிவேட்டு நிலையைத் தேதியோடு எடுத்து வையுங்கள். அடுத்து, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் இணையதளத்தில் அதே கண்டுபிடிப்பின் ஐரோப்பிய, அமெரிக்க விண்ணப்பங்களை இலவசமாகத் தேடலாம். அங்கே பரிசோதகர் ஆட்சேபித்ததால் உரிமைக்கோரல், அதாவது எதற்கெல்லாம் உரிமை என்று சொல்லும் வாசகம், குறுகியிருக்கலாம். இங்கே பழைய அகலத்திலேயே நிற்கலாம். எதிராளியோடு பேரம் பேச அந்தக் கோப்பு உதவும். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உரிமைக்கோரல்களை வரி வரியாகப் படியுங்கள்.

உள்ளூர்க் கண்டுபிடிப்பாளருக்கும் இந்த முறையால் லாபமில்லை. சோதிக்கப்படாத சான்றிதழை நம்பி முதலீட்டாளர் பணம் போடத் தயங்குவார். இன்னொன்று, கண்காட்சியில் காட்டிவிட்டு அப்புறம் பதியலாம் என்று இருந்தால் புதுமை போயிற்று. சொந்த வாட்ஸப் விளம்பரம்கூட எதிர்ச்சான்றாகலாம். முதலில் தற்காலிக விண்ணப்பம், அதை நீங்களே போடலாம். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம், அதற்குக் காப்புரிமை வழக்கறிஞர் கையொப்பம் வேண்டும்.

விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தைச் சோதிக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவருவோம் என்று 2018 மே மாதம் அமைச்சரவை ஏற்ற கொள்கையிலேயே இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்துத்தான் அந்த உணவுக் கலன் உள்ளே நுழைந்தது.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.