லிங்க் தப்பாப் போகுதுன்னு சுத்தற மெசேஜ் பத்தி நம்ம கடை வாடிக்கையாளர்களுக்கு

அண்ணன்மார், அக்காமார், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா சார்கள், தீசிஸ் பண்ற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு வாரமா ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திட்டு இருக்கு, உங்கள்ல பாதிப் பேருக்கு வந்திருக்கும். நம்ம டிடிபி கடையில, தொட்டா அந்தப் பக்கத்துக்கே போற மாதிரி லிங்க் போட்டுக் குடுக்கிற பிடிஎஃப் எல்லாமே தப்பு, 45ஆம் பக்கம்னு குடுத்தா வேற எங்கயோ போய் நிக்குதுன்னு. அதைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அதுல பேசின தங்கச்சி நம்மகிட்ட தீசிஸ் பண்ணினவங்கதான், அவங்க மேல கோவம் இல்ல, வைவா நேரத்துப் பதட்டம் எனக்குப் புரியும், ஆனா நடந்ததைச் சொல்லாம இருக்கவும் முடியல.

அவங்க தீசிஸ்ல முகப்பு, சான்றிதழ், நன்றியுரை, பொருளடக்கம்னு முன்னாடி 12 பக்கம், அதுக்கெல்லாம் ரோமன் நம்பர். அதுக்கு அப்புறம்தான் 1னு ஆரம்பிக்குது. அப்போ தாள்ல 45னு அச்சாகியிருக்கிறது ஃபைல்ல 57ஆவது பக்கம். நாங்க போட்ட பொருளடக்கத்துல தொட்டா சரியா அங்கதான் போகும், ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் டெலிவரி குடுத்தோம். அவங்க ஃபைலை நெட்ல ஏத்திட்டு, கைடுக்கு அனுப்பின லிங்க் கடைசியில தானாவே ஹேஷ் போட்டு பேஜ் ஈக்குவல் டு 45னு (#page=45) அடிச்சிருக்காங்க. அந்த ஹேஷ் முறை தாள்ல அச்சான நம்பரைப் பாக்காது, அட்டையிலேர்ந்து எண்ணிட்டே போய் 45ஆவது பக்கத்துல நிக்கும், அந்தப் பக்கத்துல அச்சாகியிருக்கிறது 33. கைடு மேற்கோள் எங்கம்மான்னு கேட்டிருக்காரு, பழி நம்ம கடை மேல விழுந்துடுச்சு. 12ஐக் கூட்டி 57னு போட்டிருந்தா பிரச்சினையே இல்ல. இன்னொண்ணு, பல போன்ல அந்த லிங்க்கைத் தொட்டா ஃபைல் டவுன்லோட் ஆகி வேற ஆப்ல முதல் பக்கத்துலதான் திறக்கும், ஹேஷுக்குப் பின்னாடி இருக்கிறதை அது எடுத்துக்கவே எடுத்துக்காது. இதை முன்னாடியே ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கணும், குடுக்கல, அது எங்க தப்புதான், மன்னிச்சுக்கங்க.

இனிமே பக்க நம்பரை மட்டும் நம்பாம ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கும் உள்ளயே ஒரு பேரு வச்சுத் தர்றோம். நடுவுல நாலு பக்கம் சேத்து நாங்க திரும்ப எடுத்தாலும் பேரு தலைப்போடயே நகந்து போகும், அந்தப் பேரை வச்சு வெளியே குடுத்த லிங்க் கெடாது. ஒரே ஒரு வேண்டுகோள், வேர்ட் ஃபைலை வாங்கிட்டுப் போய் திருத்தி பிரிண்ட் வழியா பிடிஎஃப் ஆக்காதீங்க, அப்படிப் பண்ணினா போட்ட லிங்க் அத்தனையும் போயிடும், எழுத்து மட்டும்தான் மிஞ்சும். சேவ் ஆஸ்ல பிடிஎஃப் எடுத்து, ஆப்ஷன்ஸ்ல ஹெடிங்கை வச்சு புக்மார்க் (பிடிஎஃப் ஓரத்துல வர்ற தலைப்புப் பட்டியல்) பண்ற டிக்கைப் போடணும்.

பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல அடிச்ச ஃபைல்தான் எங்களைப் பாடாப் படுத்துது. திரையில அம்மான்னு தெரியும், உள்ள இருக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். எழுத்துரு போட்ட சட்டை அது. பக்கவாட்டு புக்மார்க்ல அந்தச் சட்டை கிடையாது, அதனாலதான் நாங்க பண்ணின கோயில் சிறப்பு மலர் புத்தகத்துல பதிகம் பேரெல்லாம் கிறுக்கலாத் தெரிஞ்சுது. தேடினாலும் கிடைக்காது. எங்க திறந்தாலும் தமிழாவே இருக்கிற யூனிகோடுக்கு மாத்தி, ஒற்றெழுத்து, சந்தி எல்லாம் கண்ணால பாத்துத் திருத்தினாத்தான் உண்டு.

அப்பாவோட கட்டுரைகளை வெப்பேஜா போட்ட அண்ணன் ஒருத்தர், குறிப்பிட்ட வரிக்கே லிங்க் குடுத்தா ஏன் இவ்வளவு நீளமா வருதுன்னு கேட்டாரு. வரிக்கே போற வசதி குரோம்ல 2020ல வந்துச்சு, ஃபயர்பாக்ஸ்ல 2024ல. தமிழ்ல ஒவ்வொரு குறியும் லிங்க்ல ஒன்பது எழுத்தா விரியும், அம்மாங்கிற ஒரு சொல்லுலயே அ, ம, புள்ளி, ம, கால்னு அஞ்சு குறி, ஆக 45 எழுத்து. வைரஸ் எல்லாம் இல்லண்ணே.

ஆறு வருஷமா லிங்க் வேலை முழுக்கப் பாத்த நம்ம கடைப் பொண்ணு கல்யாணமாகி திருப்பூர் போயிடுச்சு, புதுசா வந்த தம்பி கத்துக்கிட்டு இருக்கான், அதுவரைக்கும் ராத்திரி உக்காந்து நானே பாக்கறேன். சாஃப்ட்வேருக்கும் வருஷா வருஷம் கட்ட வேண்டியிருக்கு.

2004ல நம்ம மதுரைக்கு ஐகோர்ட் கிளை வந்த நாள்லேர்ந்து டைப்டு செட்னா (கேஸுக்குத் தாக்கல் பண்ற ஆவணத் தொகுப்பு) இங்கதான்னு வர்ற குமாஸ்தா சார்களை நினைச்சா மனசு நெறஞ்சிடுது. அந்த வாய்ஸ் மெசேஜை எனக்கு அனுப்பி, நாங்க நம்பலண்ணேன்னு சொன்னவங்களை உயிர் இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தத் தங்கச்சியும் ஃபைலோட வரட்டும், பக்கத்துல உக்கார வச்சு சரி பண்ணித் தர்றேன், காசு வேணாம்.

பழைய ஃபைல் இருக்கிறவங்க பென்டிரைவ்ல கொண்டாங்க. ஆவணியிலேர்ந்து லிங்க் வேலைக்குப் பக்கத்துக்கு 3 ரூபா, பாமினி மாத்தறது தனி, டெலிவரி நாலு நாள் ஆகும்.