தேர்வுக்கால இரவுக் காபி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கினால் பிள்ளைகளுக்குப் படபடப்பு வருவது இயல்பு. அதைப் பெரிதாக்கும் ஒரு பழக்கத்தை வீடுகளும் விடுதிகளும் அக்கறையோடுதான் செய்கின்றன. இரவு கண்விழித்துப் படிக்கிறவர்களுக்குக் காபியோ டீயோ போட்டுக் கொடுப்பதைச் சொல்கிறேன்.

ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித்தூளில் தூக்கத்தை விரட்டும் பொருளான காஃபீன் சுமார் 60 மில்லிகிராம் இருக்கிறது. 250 மி.லி. எனர்ஜி டிரிங்க்கில் 75 முதல் 80. ஃபில்டர் காபிக்கு ஒரே கணக்குக் கிடையாது. சிக்கரியில் காஃபீன் இல்லை என்பதால் தூளின் கலவையையும், முதல் டிகாஷனா இரண்டாவதா என்பதையும் பொறுத்தது. உள்ளே போனதில் பாதி கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்ததில் பாதி, அதிகாலை மூன்று மணிக்கும் உடம்பில் நிற்கும். தூங்கினாலும் ஆழ்ந்த தூக்கம் இராது. காலையில் தலை கனக்கும், மறுபடி காபி. அதுவும் இட்லியைத் தள்ளிவிட்டு வெறும் வயிற்றில். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும். பயத்தில் வருவதும் இவையேதான். எது எதனால் என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. படித்தது மறந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும்.

இதற்காகத் தேர்வு வாரத்தில் காபியைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. மறுநாளே தலைவலி தொடங்கி ஒரு வாரம்கூட நீடிக்கலாம். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே இரவுக் காபியை முதலில் விடுங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் டம்ளர் குறையுங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் வேண்டாம். சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபீன் உண்டு, அட்டையைப் படித்து வாங்குங்கள். விடுதிகள் இரவில் சூடான பால் கொடுக்கலாம். காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லிக் காபியும் நல்லது.

படபடப்பு வந்துவிட்டால், "நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடு" என்கிறோம். அது தவறு. வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும், பயம் ஏறும். மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

காபி குறைந்து, தூக்கம் சரியாகி இரண்டு வாரமாகியும் படபடப்பு நீடித்தால் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மனம்விட்டுப் பேச, 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவை இருக்கிறது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தேர்வு அட்டவணையை வெளியிடும் நாளில் அதன் பக்கத்திலேயே இந்த எண்ணையும் தங்கள் நாளிதழ் அச்சிட வேண்டுகிறேன்.

மனநல ஆலோசகர்,
திருச்சி.