சித்தியின் செண்ட் பாட்டில்

அன்புத் தோழிக்கு,

உன் பெண் கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். போன வாரம் ஏற்காடு போனோம், மழைக்கு அப்புறம் காப்பிச் செடிகள் பூத்து வழியெல்லாம் மல்லிகை வாசம், உன் நினைப்புதான்.

சரி, சித்தியின் பழைய 'ஜாய்' செண்ட் பாட்டில் கெட்டுவிட்டது போல, தூக்கிப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய், போட்டுவிடாதே! 1930-ல் பாரிஸில் ழான் பத்தூ என்ற உடை வடிவமைப்பாளர் வெளியிட்ட செண்ட் அது, செய்தவர் ஆன்றி அல்மெரா. 30 மில்லிக்கு 10,600 மல்லிகையும் 28 டஜன் ரோஜாவும் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. பிரான்ஸில் கிராஸ் ஊரில் செண்டுக்கென்றே வளர்த்த அந்த மல்லிகை வேறு எதுவும் இல்லை, நம் ஜாதிமல்லி இனம்தான்.

நம் மார்க்கெட்டில் வாங்கும் ஜாதிமல்லி மொட்டு சாயங்காலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே விரல் நடுவில் விரியும், வாசமும் கூடிக்கொண்டே போகும், இல்லையா? பறித்த பிறகும் மல்லிகையும் சம்பங்கியும் வாசம் விடுவதால்தான் அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் மிருகக் கொழுப்பைத் தடவி, பூவை ஒவ்வொன்றாக வைத்து, வாடியதை எடுத்துப் புதுப் பூ வைத்து, கொழுப்பு நிறைய வாசம் ஏறும்வரை வாரக்கணக்கில் இப்படியே செய்து, கடைசியில் ஆல்கஹாலில் கழுவி வாசத்தைப் பிரித்தெடுத்தார்கள். ரோஜாவுக்கு இது சரிப்படாது, அதை ஆவியில் வடித்தே எடுத்துவிடலாம்.

திறந்ததும் புளித்த நெடி அடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, மேலாக நிற்கும் லேசான வாசனைகள்தான் முதலில் கெடும். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு அரைமணி நேரம் பொறு. அப்புறம் கனமாக ஒன்று வரும், ராத்திரி முழுக்கத் தலையில் இருந்து கசங்கிய மல்லிச்சரத்தில் காலையில் வருமே, அந்த வாடை. அதற்குப் பெரிய காரணம் இண்டோல் என்ற பொருள், அழுகலிலும் இருப்பது, மல்லிகையிலும் கொஞ்சம் இருப்பது. இப்போது கடையில் வரும் பல மல்லிகை செண்டுகளில் இதைத் துடைத்து எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அவை சோப்பு வாசம் மாதிரிதான் தெரிகின்றன. 1948-ல் ஜெர்மேன் செலியே என்ற பெண் செய்த 'ஃப்ராகா'வில் சம்பங்கியை எந்தத் தயக்கமும் இல்லாமல் அள்ளிக் கொட்டியிருக்கிறார், அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாட்டிலை பீரோவுக்குள் இருட்டில் வை, வெளிச்சமும் சூடும்தான் அதற்கு எமன். ஆடிக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா. அண்ணனுக்கு மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது, எழுது.

உன் அன்புத் தோழி,
சேலம்