வேடத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளியைக் களமாகக் கொண்ட ‘மாங்கா’ எனும் ஜப்பானியப் படக்கதைகளில் ஒரு பெண் ஆண் வேடம் போட்டாலே அதை வெறும் கேலிக்கூத்து என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. பிஸ்கோ ஹடோரி 2002 முதல் 2010 வரை வரைந்த ‘ஓரான் ஹைஸ்கூல் ஹோஸ்ட் கிளப்’பை எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையில் படிக்கும் ஹருஹி, அமைதியாகப் படிக்க இடம் தேடி மூன்றாம் இசை அறைக்குள் நுழைகிறாள், அங்கே பையன்கள் நடத்தும் ஹோஸ்ட் கிளப்பின் 80 லட்சம் யென் பூச்சாடி அவள் கைபட்டு உடைகிறது, அந்தக் கடனை அடைக்கப் பணக்கார மாணவிகளுக்குத் தேநீர் ஊற்றிப் பேச்சுக் கொடுக்கும் ‘பையன்’ ஆகிறாள். அவள் யாரையும் ஏமாற்றக் கிளம்பவே இல்லை. குட்டை முடி, கண்ணாடி, தொளதொள ஸ்வெட்டர், இவற்றைப் பார்த்து மற்றவர்களே பையன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஆணா பெண்ணா என்பது அவளுக்கு ஒரு விஷயமே இல்லை, பதறுவதெல்லாம் சுற்றியிருக்கும் பையன்கள்தான், சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது.

அப்புறம் ஹிசாயா நகாஜோவின் ‘ஹனா-கிமி’. உயரம் தாண்டும் சானோவுக்காக மிசுகி முடியை வெட்டிக்கொண்டு ஆண்கள் பள்ளியில் சேர்கிறாள். அவள் பெண் என்று அவனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அவளைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறான். அந்த மௌனத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

உங்கள் இணைப்பிதழில் மாங்கா பற்றி எழுதும்போது இந்தக் கதைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகி