நாட்டுப் பெயரோடு ஆள் பெயரையும் அச்சிடுங்கள்

உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோவில் சொற்பட்டியல், பாடநூல், நிலப்படம், கொடி அட்டை ஆகியவற்றைத் தொகுத்து வெளியிடும் அனைவருக்கும் வணக்கம்.

நாட்டுப் பெயர்ப் பட்டியல் இன்னொன்று வந்திருக்கிறது. நல்ல எழுத்துரு, வண்ணக் கொடிகள், அகர வரிசை எல்லாம் உண்டு. அந்த நாட்டுக்காரரை எப்படிச் சொல்வது, பெயரின் வேர் எங்கே முடிகிறது என்பது மட்டும் இல்லை. உங்கள் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த மொழியில் நாட்டுப் பெயரை மட்டும் கொடுப்பது பாதிப் பெயரைக் கொடுப்பதுதான். அது உங்களுக்குத் தெரியாததும் அல்ல.

பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும்; ஒட்டு அந்த 'ஓ'வுக்கு முன் நுழையும். நாட்டுப் பெயர்கள் இரண்டு வழியில் பிறக்கின்றன. ஒன்றில் மக்கள் முதலில், நாடு பிறகு: கெர்மானோ என்றால் ஜெர்மானியர்; 'உய்' ஒட்டைச் சேர்த்தால் கெர்மானுயோ, அதாவது ஜெர்மனி. மற்றதில் நாடு முதலில்: கனடோ என்பது நாடு, 'ஆன்' சேர்த்தால் கனடானோ, அந்த நாட்டவர். ஐரோப்பாவும் ஆசியாவும் பெரும்பாலும் முதல் வகை, அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாம் வகை என்று பாடநூலில் ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். நேபாளமும் இஸ்ரேலும் ஆசியாவில்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டாம் வகை. இந்தியாவோ இரண்டிலும் உண்டு: ஹிந்தோ என்ற மக்கள் பெயரிலிருந்து ஹிந்துயோ, பாரத் என்பதிலிருந்து பராத்தோ. பின்னதில் குடிமகன் பராத்தானோ. கண்டத்தைப் பார்த்து வகையைச் சொல்லவே முடியாது. மனப்பாடம்தான் வழி. மனப்பாடம் செய்ய வேண்டியதை அச்சிடாமல் விட்டால் எதைப் படிப்பது?

'உய்' ஒட்டின் இடத்தில் 'இ' ஒட்டு புழக்கத்துக்கு வந்ததிலிருந்து குழப்பம் கூடிவிட்டது. கெர்மானியோ, அவுஸ்த்ரியோ என்று எழுதினால் சர்வதேசப் பெயர் போலக் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவுஸ்த்ரியோவில் 'இ' ஒட்டு. கழற்றினால் அவுஸ்த்ரோ, ஆஸ்திரியர். அவுஸ்த்ராலியோவில் அதே 'இ' வேரின் பகுதி, கழற்றக் கூடாது. ஆஸ்திரேலியர் அவுஸ்த்ராலியானோ. நிஜெரியோ இன்னும் ஆபத்து. அது நைஜீரியா. 'இ'யைக் கழற்றினால் நிஜெரோ: ஒரு நதி, பக்கத்திலேயே வேறொரு நாடு. நிஜெரானோ ஒரு நாட்டவர், நிஜெரியானோ மற்றொரு நாட்டவர். ஓர் எழுத்தில் குடியுரிமை மாறிவிடுகிறது. பழைய கோப்பில் 'இயோ' என்பதையெல்லாம் 'உயோ' என்று கணினியில் ஒரே சொடுக்கில் மாற்றினால் அவுஸ்த்ராலுயோ, நிஜெருயோ என்று உலகில் இல்லாத நாடுகள் பட்டியலில் முளைப்பதும் இதனால்தான்.

'லாந்தோ'வும் அப்படித்தான். பொல்லாந்தோவில் அது 'நாடு' என்ற பொருளுள்ள தனிச் சொல். எடுத்தால் போலோ, போலந்துக்காரர். இர்லாந்தோவில் எடுத்தால் மிஞ்சுவது 'இரோ'. அதற்குப் 'போதல்' என்று பொருள். அயர்லாந்துக்காரர் இர்லாந்தானோ. பாகிஸ்தானோவைப் புதிதாகப் படிப்பவர் 'பாக்' (பொதி கட்டு), 'இஸ்த்' (தொழில் செய்பவர்), 'ஆன்' (உறுப்பினர்) என்று பிரித்தால் 'பொதி கட்டுவோர் சங்கத்து உறுப்பினர்' என்றுதான் வரும். இலக்கணப்படி அந்தப் பிரிப்பில் ஒரு பிழையும் இல்லை! சரியான குடிமகன் பெயர் பாகிஸ்தானானோ, ஈரானுக்கு ஈரானானோ. அச்சுப்பிழை என்று நினைத்து ஓர் 'ஆன்'ஐ வெட்டிவிடும் மெய்ப்புத் திருத்துநரை எப்படிக் குறை சொல்வது? சூடானோ என்றால் சூடான் நாடு. சிறிய எழுத்தில் தொடங்கினால் தெற்கத்திக்காரர்.

எழுத்தின் அளவு காப்பாற்றும் என்பீர்கள். நாட்டுக்குப் பெரிய எழுத்து, ஆளுக்குச் சிறிய எழுத்து, சரி. எகிப்தை ஒரு நூல் மக்கள் வேராகக் கொண்டு எகிப்தோ என்றால் எகிப்தியர், நாடு எகிப்துயோ என்கிறது. இன்னொரு நூல் நாட்டு வேராகக் கொண்டு நாடே எகிப்தோ, ஆள் எகிப்தானோ என்கிறது. கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் இதே கதி. வாக்கியத்தின் தொடக்கத்தில் எல்லாமே பெரிய எழுத்து. பேச்சில் பெரிய எழுத்தே கிடையாது. 'எகிப்தோ வென்றது' என்ற தலைப்பில் வென்றது ஒரு தேசமா, ஓர் ஆளா? இரண்டு நூலையும் கையில் வைத்திருப்பவருக்குப் பதில் தெரியாது. ஒவ்வொரு நூலும் தான் எந்த வேரைக் கொண்டது என்பதை அந்த வரியிலேயே சொல்லியிருந்தால் போதும். அதைத்தான் கேட்கிறோம்: ஆள் பெயரையும் வேரையும் அச்சிடுங்கள்.

'உய்'யா 'இ'யா என்ற சண்டைக்குச் செலவாகும் தாளில் பாதி இருந்தால் இந்த வேலை முடிந்திருக்கும். 'உய்' ஒட்டுக்கு 'வைக்கும் கலம்' என்றும் பொருள் உண்டு: பணத்தை வைப்பது பணப்பையான மோனுயோ, மையை வைப்பது மைக்கூடான இன்குயோ, ஜெர்மானியரைப் போட்டு வைப்பது கெர்மானுயோ. ஜாடிக்கு மூடி எங்கே என்று கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உண்மையான சிக்கல் வேறு. ஒரு நாட்டில் பல இனத்தவர் வாழும்போது ஓர் இனத்தின் பெயரை நாட்டுக்கு வைத்தால் மற்றவர் எங்கே போவது? மொழியை உருவாக்கிய ஸமென்ஹோஃபே 1915இல் தூதரக அதிகாரிகளுக்கு விடுத்த வேண்டுகோளில், நாடுகள் எந்த இனத்தின் பெயரையும் தாங்காமல் நடுநிலையான நிலவியல் பெயர் கொள்ள வேண்டும் என்று கேட்டார். உலகத் தூதர்களைத் திருத்துவது பெரிய வேலை. ஜெர்மனியில் வாழும் எவரையும் குறிக்கும் கெர்மானுயானோ என்ற சொல்லைப் பட்டியலில் சேர்ப்பது அரை வரி வேலை.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே வரியில் பெயர், வேர் முடியுமிடத்தில் ஒரு கோடு, ஆள் பெயர், மக்கள் வேராக இருந்தால் குடிமகன் பெயர். 'உய்', 'இ' இரண்டில் ஒன்றைத் தேர்ந்து நூல் முழுக்க அதையே கடைப்பிடியுங்கள். மற்றதை முன்னுரையில் சொல்லுங்கள். கொடி அட்டையில் இடமில்லை என்றால் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. புதிய நாடு பிறந்தாலோ பழைய நாடு பெயர் மாற்றிக்கொண்டாலோ, நாட்டுப் பெயரைத் தீர்மானிக்கும் அன்றே ஆள் பெயரையும் தீர்மானித்துவிடுங்கள்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் இதைக் கவனிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களை வைத்துக் கற்பிப்போரும் மொழிபெயர்ப்போரும்